இரு மரபுப் பிள்ளைகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் வேறு வேறு இனப் பின்னணி. மூத்தவன் நல்ல கறுப்பு, இளையவள் வெளுப்பு. போகிற இடமெல்லாம் "ரெண்டும் உங்க பிள்ளைங்கதானா?" என்று கேட்கிறார்கள். இது எப்படி நடக்கிறது? இப்படிக் கேட்பவர்களுக்கு என்ன சொல்வது?

பதில்: இரண்டு சாயத்தைக் கலந்தால் நடுநிறம் வரும். பிள்ளைகளின் நிறமும் அப்படித்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். மரபணு சாயமல்ல, சீட்டுக்கட்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டைப் புதிதாகக் கலைத்துப் போடுகிறார்கள்.

தோல் நிறத்தோடு தொடர்புள்ள மரபணுக்கள் நூற்றுக்கும் மேல். கணக்கை எளிதாக்க மூன்று இணைகள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு இணையிலும் ஒரு கறுப்புச் சீட்டும் ஒரு வெளுப்புச் சீட்டும் இருந்தால், பிள்ளைக்கு 64 வாய்ப்புகள் உண்டு. அதில் 20 நடுநிறம். ஆறும் கறுப்பாக வருவது ஒன்று, ஆறும் வெளுப்பாக வருவது ஒன்று, மற்றவை இடையில். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒருவர் முழுக்கக் கறுப்புச் சீட்டும் மற்றவர் முழுக்க வெளுப்புச் சீட்டும் வைத்திருந்தால் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நிறமாகத்தான் இருப்பார்கள். அண்ணன் தங்கைக்குள் பெரிய வித்தியாசம் தெரிகிறதென்றால், பெற்றோரில் ஒருவரிடமாவது இரண்டு வகைச் சீட்டும் ஏற்கனவே கலந்திருக்கிறது. தெற்காசியர்களிடம் இது சர்வ சாதாரணம். நிறத்தை வெளுக்கவைக்கும் முக்கியமான மரபணு ஒன்றை 2005இல் வரிக்குதிரை மீனை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதன் இரண்டு வடிவங்களும் நம்மிடம் பரவலாக உண்டு. வேற்றினக் கல்யாணமே நடக்காத வீட்டிலும் அண்ணன் கறுப்பு, தம்பி 'சிவப்பு' என்று இருப்பது இதனால்தான்.

பிறந்த அன்று நிறத்தைத் தீர்ப்பெழுதிவிட வேண்டாம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் அப்போது குறைவாகவே சுரக்கும். வாரங்கள், மாதங்கள் போகப்போக நிறம் ஏறும். கண்ணின் நிறம் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் நிலைக்கும், சிலருக்கு மூன்று வயதுவரை மாறும். இடுப்பிலோ பிட்டத்திலோ நீலம் கலந்த சாம்பல் படை இருந்தால், அளவையும் இடத்தையும் மருத்துவரிடம் சொல்லிப் பிறப்புக் குறிப்பிலேயே எழுதி வாங்குங்கள். அது தீங்கற்ற மெலனின் தேக்கம், சில வருடங்களில் மங்கிவிடும். ஆனால் காப்பகத்தில் அதை அடிபட்ட காயம் என்று எடுத்துக்கொண்டு பெற்றோரைச் சந்தேகிப்பது நடக்கிறது. காயம் சில நாட்களில் பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். இந்தப் படை மாறாது.

இனி கேட்பவர்களுக்கான பதில். "ஆமா, ரெண்டும் என் பிள்ளைங்க." அவ்வளவுதான். மேலே சொன்ன 64 கணக்கை முன்பின் தெரியாதவரிடம் விளக்கத் தொடங்கினால், பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தன்னிடம் ஏதோ விளக்க வேண்டிய கோளாறு இருப்பதாகப் படும். "அவ மட்டும் எப்படி இவ்வளவு அழகா..." என்று ஒருவர் தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தங்கையைப் புகழ்வது போலத்தான் தோன்றும், ஆனால் அடி அண்ணனுக்கு. அவனே வந்து கேட்டால், "அப்பாகிட்ட இருந்து பாதி, அம்மாகிட்ட இருந்து பாதி, ரெண்டு பேருக்கும் அதே அளவு, எந்தப் பாதி வந்ததுங்கிறதுதான் வேற" என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.

உங்கள் சாயல் இல்லாத பிள்ளையுடன் தனியாக எல்லை கடந்து பயணம் போனால் பிறப்புச் சான்றிதழின் நகலையும் பெற்றோரில் மற்றவர் கையொப்பமிட்ட சம்மதக் கடிதத்தையும் கைப்பையில் வையுங்கள். பள்ளியில் பிள்ளையை அழைத்துப் போக வருபவர் யார் என்று முன்கூட்டியே படத்துடன் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: மரபணுப் பரிசோதனையில் எனக்கு ஒரு மரபு 38 சதவீதம், என் தங்கைக்கு 31. யாருடையது தவறு?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். பெற்றோரிடமிருந்து இருவரும் ஆளுக்குப் பாதி பாதி வாங்கினாலும், வாங்கிய துண்டுகள் ஒன்றல்ல. உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள், ஆனால் அது 37இலிருந்து 61 சதவீதம்வரை ஏறி இறங்கும். இன்னொன்று, அந்தச் சதவீதம் உங்களை ஒரு மாதிரித் தொகுப்போடு ஒப்பிட்டுப் போட்ட மதிப்பீடு. தொகுப்பை மாற்றினால் எண்ணும் மாறும். ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று வருவதை வைத்து வம்சாவளிக் கதை எழுதிவிட வேண்டாம்.

கேள்வி: 'கலப்பினம்' என்று சொல்லலாமா?

பதில்: கலப்பினப் பசு, கலப்பின விதை என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லை மனிதருக்கு வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பக்கத்திலேயே 'கலப்படம்' வேறு நிற்கிறது. 'கலப்பு மணம்' என்றால் தமிழில் சாதி கடந்த திருமணம் என்றுதான் முதலில் புரிந்துகொள்வார்கள். 'இரு மரபினர்', 'பல மரபினர்' என்பவை தெளிவு. 'பாதி வெள்ளைக்காரன்' வேண்டாம். ஆனால் அவரே தனக்கு ஒரு சொல் வைத்திருந்தால் அதுதான் சரியான சொல்.

கேள்வி: விண்ணப்பங்களில் இனம் என்ற இடத்தில் ஒரு கட்டத்தில்தான் குறியிட முடிகிறது. எதை நிரப்புவது?

பதில்: முதலில் எதற்காகக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். புள்ளிவிவரத்துக்கு என்றால் உங்கள் விருப்பம்; ஒன்றுக்கு மேல் குறியிட அனுமதி இருந்தால் எல்லாவற்றிலும் குறியிடுங்கள். சட்ட உரிமையோ ஒதுக்கீடோ சம்பந்தப்பட்டதென்றால் அந்தச் சட்டத்தின் வரையறையைப் படித்துவிட்டு எழுதுங்கள். அது முகத்தைப் பார்ப்பதில்லை. இந்திய அரசமைப்பின் 366(2) ஆங்கிலோ இந்தியர் யார் என்பதைத் தந்தை வழியை மட்டும் வைத்து வரையறுக்கிறது. தாய்வழியில் ஐரோப்பியர் இருந்தால் அங்கே அது கணக்கில் வராது. சட்ட ஆவணங்களுக்குள் ஒன்றுக்கொன்று முரண்படாமல் எழுதுவது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

கட்டம் என்பதே மாறிக்கொண்டிருக்கும் விஷயம். அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க முடிந்தது 2000இலிருந்துதான். அதற்குப் பல பத்தாண்டுகள் முன்புவரை வீட்டு வாசலில் நின்ற கணக்கெடுப்பாளர் பார்த்து முடிவு செய்ததே பதிவானது. தென்னாப்பிரிக்காவில் 1950 சட்டம் எல்லோரையும் இனவாரியாகப் பதிந்தது. ஐயம் வந்தால் முடியில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்த்தார்கள். ஒரே குடும்பத்து ஆட்கள் வெவ்வேறு இனமாகப் பதிவானதும் உண்டு. அந்தச் சட்டம் நீங்கியது 1991இல்.

கேள்வி: என் மகளின் முடி என்னுடையது போல இல்லை, சுருள் சுருளாக அடர்ந்தது. சீவினாலே அழுகிறாள். (ஒரு தந்தை)

பதில்: உலர்ந்த முடியைச் சீவுவதுதான் தவறு. சுருள் முடியில் தலையின் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்காது. அதனால் நுனி எப்போதும் வறட்சி, வறட்சியால் சிக்கு. நேர்முடிக்குப் பழகிய கை மேலிருந்து கீழே இழுக்கிறது, எல்லாச் சிக்கும் ஒன்று சேர்ந்து முடிச்சாகிறது.

ஷாம்பு ஏழு முதல் பத்து நாளைக்கு ஒருமுறை போதும். முடியை நன்றாக நனைத்து, நான்கு முதல் எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் கிளிப் போடுங்கள். ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்துக் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, முதலில் விரலால் சிக்கைத் தளர்த்துங்கள். பிறகு அகலப்பல் சீப்பு, நுனியிலிருந்து. நுனி விட்டதும் இரண்டு விரற்கடை மேலே போங்கள், இப்படியே வேர்வரை. சீவும் இடத்துக்கு மேலே முடியை இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைக்குப் போகாது. அழுகை பாதி இதிலேயே நின்றுவிடும். துண்டால் தேய்க்காமல் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் பாதி நீளம்தான் தெரியும். சுருங்கியிருக்கிறது, முடி கொட்டிவிடவில்லை.

பின்னலை இறுக்கிப் போடாதீர்கள். நெற்றியோரம் சின்னச் சின்னக் கொப்புளம், வலி, முடி மெலிவு தெரிந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். தொடர்ந்து இழுபட்டால் அந்த இடத்தில் முடி திரும்ப வராமலே போகலாம்.

கேள்வி: "எல்லோரும் கலந்துவிட்டால் இனவெறி தானாக ஒழிந்துவிடும்" என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ரெண்டு பக்கமும் பார்த்தவன், நீயே சொல்லு" என்றார். எப்படிப் பதில் சொல்வது?

பதில்: அதில் இரண்டு வாதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலில் பிரியுங்கள். "கலப்பு அதிகமாகிறது" என்பது தகவல். "அதனால் வெறி ஒழியும்" என்பது ஊகம். தகவலிலேயே ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் பல இனத்தவர் என்று பதிந்தவர்கள் 2010இல் 2.9 சதவீதம், 2020இல் 10.2. பத்தே ஆண்டில் அத்தனை பிள்ளைகள் பிறந்துவிடவில்லை. கேள்வியும் பதிலை வகைப்படுத்தும் முறையும் மாறியது இதில் பெரிய பங்கு. ஊகத்துக்கு வருவோம். அமெரிக்க மாநிலமான வர்ஜீனியாவின் 1924 சட்டம், எவ்வளவு சிறிய கறுப்பினக் கலப்பு இருந்தாலும் அவரை வெள்ளையர் இல்லை என்றாக்கியது. கலப்பு அங்கே ஏற்கனவே இருந்தது. சட்டம் அதைக் கண்டு இளகவில்லை, எல்லைக்கோட்டை இன்னும் இறுக்கியது. இனம் கடந்த திருமணத்துக்கான தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் தகர்த்தது 1967 ஜூன் 12இல்தான்.

இந்த விவாதத்தில் நல்லெண்ணம் உள்ளவர்களும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு மக்கள்குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது என்று 1972இல் மரபியலாளர் லெவொன்டின் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு "இனமே இல்லை" என்பார்கள். எதிரே இருப்பவர் உடனே, "அப்ப இனவெறியும் இல்லையே" என்பார். "எல்லைக்கோடு உடம்பில் இல்லை, நடத்தும் விதத்தில் இருக்கிறது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாரே, அதற்கு: "என் அனுபவம் எனக்குத்தான், நான் யாருக்கும் வக்கீல் இல்லை. உங்க வாதத்தைச் சொல்லுங்க, அதைப் பேசலாம்." அவர் அதே வாக்கியத்தை மூன்றாம் முறை சொன்னால் எழுந்து போய் வேலையைப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவரிடம் இரு மரபு என்று சொல்வது அவசியமா?

பதில்: அவசியம், முகம் ஏமாற்றும் என்பதால். அரிவாள் செல் நோய், தலசீமியா ஆகிய பரம்பரை ரத்த நோய்கள் 'எங்களுக்கு வராது' என்று தோற்றத்தை வைத்துச் சிலர் பரிசோதனையைத் தவிர்க்கிறார்கள். பெற்றோரில் ஒருவர் அரிவாள் செல் மரபணுவையும் மற்றவர் பீட்டா தலசீமியா மரபணுவையும் சுமந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பிள்ளை இரண்டையும் வாங்கி நோயாளியாகும் வாய்ப்பு நான்கில் ஒன்று. கருத்தரிக்கும் முன்பே இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்த மூலச்செல் கொடை தேவைப்பட்டால் இரு மரபினருக்குப் பதிவேடுகளில் பொருந்தும் கொடையாளர் கிடைப்பது மற்றவர்களைவிடக் கடினம். முழுமையாகப் பொருந்த உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, எனவே முதலில் அவர்களைச் சோதிப்பார்கள். நிறம் ஒத்துப்போகிறதா என்பதற்கு அங்கே வேலையே இல்லை.