மின்சாரமே போகவில்லை, 1,500 மெகாவாட் டேட்டா சென்டர் சுமை (அவை இழுக்கும் மின்சாரம்) மட்டும் எப்படிக் கழன்றது?

கேள்வியில் உள்ளது 2024 ஜூலை 10 மாலை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் நடந்த சம்பவம். 230 கிலோவோல்ட் பாதை ஒன்றில் மின்னல் தடுப்பான் பழுதானது. கோளாறைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்புக் கருவிகளான ரிலேக்கள் பாதையை ஒழுங்காகத் துண்டித்தன. தற்காலிகக் கோளாறாக இருந்தால் சரியாகிவிடும் என்று தானாக மறுபடி இணைத்துப் பார்ப்பது வழக்கம். பழுதோ நிரந்தரம். அதனால் 82 விநாடிக்குள் ஆறு முறை மின்னழுத்தம் சட்டென்று விழுந்து எழுந்தது.

ஒற்றைச் சரிவை யூபிஎஸ் பேட்டரியால் தாங்கிவிடும். சிக்கல் அதன் கணக்கில் இருக்கிறது: ஒரு நிமிடத்தில் மூன்று சரிவு கண்டால் "கிரிட் (பொது மின்கட்டமைப்பு) சரியில்லை" என்று முடிவுகட்டி ஜெனரேட்டருக்கு மாறி, ஆள் வந்து மாற்றும்வரை அங்கேயே நிற்கும். பல வளாகங்களில் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு என்பதால் எல்லாம் சேர்ந்து கழன்றன.

வழக்கமாக 60 ஹெர்ட்ஸில் இருக்கும் கிரிட்டின் அதிர்வெண் 60.047 ஹெர்ட்ஸ்தான் தொட்டது, அது பெரிதில்லை. சுமை போனதும் மின்னழுத்தம் ஏறியதுதான் தலைவலி. மின்னழுத்தத்தை உயர்த்திப் பிடிக்கும் கெப்பாசிட்டர் தொகுதிகளைக் கழற்றித்தான் அதை இறக்கினார்கள்.

புதிய மையம் இணைப்பவர்கள் மின்நிறுவனத்திடம் மறுஇணைப்பு எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனை சரிவுக்குப் பிறகு யூபிஎஸ் ஜெனரேட்டருக்கு மாறும் என்ற கணக்கை அதே நேரக்கோட்டில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே மோதல் தெரிந்துவிடும். ஜெனரேட்டரிலிருந்து கிரிட்டுக்குத் திரும்பி வருவதைத் தானியங்கியாக்கலாம், ஆனால் மொத்தச் சுமையையும் ஒரே நொடியில் ஏற்றாமல் தொகுதி தொகுதியாக.