அடுக்கில் ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் வசிக்கிறேன். சில மாதங்களாக ஒரு மட்பாண்ட ஸ்டுடியோவில் உறுப்பினர். மாதச் சந்தா உண்டு. களிமண்ணுக்கும் சூளைக்கும் தனிக் கட்டணம். ஒரு நாள் பயிற்சிக்குப் போனபோது கிடைத்த மன அமைதி இப்போது இல்லை. சனி, ஞாயிறுகளில் சக்கரம் கிடைப்பதில்லை. செய்த கிண்ணங்கள் வாரக்கணக்கில் சூளைக்குக் காத்திருக்கின்றன. சென்ற வாரம் யாரோ என் கோப்பையின் கைப்பிடியை உடைத்துவிட்டு, சொல்லாமலே போயிருக்கிறார்கள். நீங்களும் இப்படி ஓர் இடத்தில் உறுப்பினர் என்று எழுதியிருந்தீர்கள். சந்தாவை நிறுத்திவிட்டு மொட்டை மாடியில் சொந்தமாக ஒரு சக்கரம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கணவர். உங்கள் கருத்து என்ன?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் ஸ்டுடியோவில் ஒருவர்மேல் கடும் கோபத்தில் இருந்தேன். அந்தக் கோபத்தில் கொஞ்சம் இங்கேயும் சிந்தும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியை உடைத்தவர் ஒரு சீட்டாவது எழுதி வைத்திருக்க வேண்டும். சுடாத மண்ணில் கைப்பிடி விரல் பட்டாலே போகும்; இன்னொன்று செய்யுங்கள். சக்கரம் வேண்டுமென்றால் வார நாளில் காலையில் போங்கள். மன அமைதியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

அந்த ஒரு நாள் பயிற்சியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். அன்று உங்களுக்காக வேறு யாரோ மண்ணைப் பிசைந்து, காற்றை வெளியேற்றி, உருண்டையாக்கி வைத்திருந்தார். நீங்கள் எழுந்து போன பிறகு சக்கரத்தைக் கழுவியவர் ஒருவர். உங்கள் கிண்ணத்தின் கனத்த அடியைச் சீவி, உலர்த்தி, சுட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவர் இன்னொருவர். உங்களுக்குக் காட்டப்பட்டது நடுவில் உள்ள இனிப்பான அரை மணி நேரம். உறுப்பினர் ஆனதும் மிச்ச வேலையெல்லாம் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இதை ஏமாற்றம் என்கிறீர்களே, அம்மா, இதுதான் அந்தத் தொழில்!

மண் கலந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டக்கூடாது, குழாய்க்குள் படிந்து அடைத்துவிடும். வாளியில் தெளியவிட்டு, கீழே தங்கும் குழம்பைப் பழைய மண்ணோடு சேர்க்க வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரலைக் கெடுக்கும். நீங்கள் பெருக்கினால் பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்தே அதைச் சுவாசிக்கிறார்.

சூளைக்கு வருகிறேன். அரைகுறையாக நிரம்பிய சூளையை யாரும் மூட்ட மாட்டார்கள். உள்ளே பத்துப் பானை இருந்தாலும் நூறு இருந்தாலும் மின்சாரச் செலவில் பெரிய வித்தியாசம் இருக்காது. எனவே எல்லோருடைய வேலையும் சேரும்வரை காத்திருப்பு. பிறகு பானை முழுக்கக் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர்க் காற்றில் எது காய்கிறது? உங்கள் கிண்ணத்தின் அடியில் ஈரம் தங்கியிருந்தால் அது ஆவியாகி வெடிக்கும். சில்லுகள் அடுத்தவருடைய ஜாடிமேல் தெறிக்கும். முதல் வேக்காடு ஏறத்தாழ 1,000 டிகிரி. 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் என்னும் கனிமம் படிக அமைப்பு மாறிச் சட்டென்று விரிகிறது, ஆறும்போது அதே சூட்டில் சுருங்குகிறது. அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் பானை கீறிவிடும். இத்தனைக்கும் பிறகு, கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சைப் பூசி இரண்டாவது வேக்காடு. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்த வடசென்னைக்காரர்களுக்கு இந்த வரிசையை நான் விளக்க வேண்டியதில்லை.

என் கோபத்துக்குக் காரணமும் சூளைதான். கிளேஸ் 1,200 டிகிரிக்கு மேல் கண்ணாடியாக உருகி ஓடும். அதனால் பானையின் அடியையும் அதற்குச் சற்று மேலேயும் துடைத்துவிட்டுத்தான் அடுக்க வேண்டும். ஓர் உறுப்பினர் துடைக்கவில்லை. அவருடைய பூச்சாடியின் கிளேஸ் வழிந்து, சூளைக்குள் பானைகளை அடுக்கும் பலகையோடு ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த ஒரு கல்லூரி மாணவியின் கோப்பைகளும் அந்தக் குளத்தில் சிக்கின. சூளையைத் திறந்தபோது அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. பூச்சாடிக்காரர்தான் பேசினார்: "நான் கட்டணம் கட்டியிருக்கிறேனே." உளியால் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்த என் கையில் அப்போது சுத்தியலும் இருந்தது. நல்லவேளை, வயதாகிவிட்டது.

நான் ஓட்டேரியில் வளர்ந்தவன். குயவர்களின் கொசப்பேட்டை நடந்து போகும் தூரம். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் அந்தத் தெருக்களில் களிமண் பிள்ளையார்கள் வரிசையாக வெயிலில் காயும். ஆவணி மாலையில் திடீரென்று மழை இறங்கும். சுடாத மண்; நனைந்தால் கரைந்துவிடும். அப்போது அந்தத் தெருவில் நின்றவர்கள் எல்லோரும் ஓடுவார்கள். டீக்கடைக்காரர், சைக்கிளை நிறுத்திவிட்டு வரும் மில் தொழிலாளி, குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண். என் அப்பாவும் ஓடினார். என் கையில் ஒரு மூஞ்சூறைக் கொடுத்து, "அழுத்தாமல் பிடி" என்று அதட்டினார். எந்தத் திண்ணை அருகில் இருந்ததோ அதில் வைத்தார்கள். எது யாருடையது என்று கேட்க நேரமில்லை. மழை விட்டதும் செய்தவர்கள் வந்து தங்கள் கைவேலையை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டார்கள்.

அவர்களைப் புனிதர்களாக்கவில்லை. தெருவில் இடம் பிடிப்பதற்கும் விலையைக் குறைத்து விற்றதற்கும் தலைமுறைப் பகை வைத்திருந்த வீடுகள் அங்கே உண்டு. பகை வீட்டுப் பிள்ளையாரையும் தூக்கினார்கள், அவ்வளவுதான். சந்தா கட்டிய நம்மால் அடுத்தவர் கிண்ணத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளை இழுத்துவிட முடியவில்லை.

மொட்டை மாடிச் சக்கரத்தைக் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். மண்ணைக் குழைத்து வனையலாம். எங்கே சுடுவீர்கள்? மின்சூளை ஓரளவு பெரிதென்றால் மும்முனை மின்சாரம் கேட்கும். அடுக்குமாடிச் சங்கத்தில் அனுமதி வாங்குவதற்குள் உங்களுக்கு நரைத்துவிடும். கடைசியில் சுடாத பச்சைப் பானைகளை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு அதே ஸ்டுடியோவுக்குத்தான் போவீர்கள். பேசின் பாலத்துக்கு முன்பே பாதி உடைந்திருக்கும்.

அடுத்த முறை சூளை அடுக்கும்போது கூட நிற்கட்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆள் பற்றாக்குறைதான். கணவரையும் அழைத்துப் போங்கள். மண் வாளி நல்ல கனம்.