வாங்கவா, லீஸுக்கு எடுக்கவா?

கேள்வி: முதல் முறையாக மின்சாரக் கார் எடுக்கப் போகிறேன். லீஸுக்கு எடுத்தால் பேட்டரி பற்றிக் கவலையே வேண்டாம், மூன்று வருடத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்கிறார்கள் ஷோரூமில். என் மச்சானோ, வாடகைக்குக் காசைக் கொட்டாதே, கடன் வாங்கியாவது சொந்தமாக வாங்கு என்கிறார். மாதத் தொகை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வருகிறது. மாதம் 1,600 கி.மீ. ஓட்டுவேன். என்ன செய்யலாம் சார்?

பதில்: மாதத் தொகை ஒன்றாக வருவதுதான் எல்லோரையும் குழப்புகிறது. முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

காரின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி வருடத்துக்கு 8 சதவீதம், முன்பணம் கிடையாது. 5 வருடக் கடனில் வாங்கினால் மாதத் தவணை சுமார் 2.03. லீஸில், 3 வருடம் கழித்து இந்தக் காரின் மதிப்பு 50 இருக்கும் என்று கம்பெனியே முன்கூட்டி எழுதிக்கொள்கிறது. குறைகிற 50, அதோடு வட்டி, இரண்டையும் 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1.9. இப்போது 3 வருடம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். லீஸ்காரர் மொத்தம் 68 கட்டிவிட்டு இறங்கிவிடுகிறார். கடனில் வாங்கியவர் 73 கட்டியிருப்பார், கடன் பாக்கி இன்னும் 45 இருக்கும். அந்தக் கார் சந்தையில் 50-க்குப் போனால் கடனை அடைத்த பிறகு கையில் 5 மிஞ்சும். ஆக அவருக்கும் செலவு 68தான். வித்தியாசமே இல்லை! அதே கார் 38-க்குத்தான் போகும் என்றால் வாங்கியவருக்குச் செலவு 80. 60-க்குப் போனால் 58. லீஸ்காரருக்கு எப்படியும் 68.

ஆக, நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: மறுவிற்பனை விலை விழுந்தால் அந்த அடியை யார் வாங்குவது? பெட்ரோல் காரில் இது பெரிய தலைவலி இல்லை, விலை எப்படி இறங்கும் என்று ஓரளவு எல்லோருக்கும் தெரியும். மின்சாரக் காரில் அப்படி இல்லை. 2023 ஜனவரியில் டெஸ்லா தன் புதுக் கார்களின் விலையைப் பல நாடுகளில் ஒரேயடியாகக் குறைத்தது. புதுசே இந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் பழசை யார் பழைய விலைக்குக் கேட்பார்கள்? வாடகைக் கார் கம்பெனியான ஹெர்ட்ஸ் 2021-ல் ஒரு லட்சம் டெஸ்லா வாங்கப்போவதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்றுத் தள்ளப்போவதாகச் சொல்லி, மதிப்பு இறங்கியதற்கு நஷ்டக் கணக்கும் எழுதியது. காரை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இந்த நிலைமை.

அதனால் ஷோரூமில் மாதத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒப்பந்தத்தில் 'ரெசிடுவல் வேல்யூ' என்று ஓர் எண் இருக்கும், நான் மேலே 50 என்று போட்டேனே, அதுதான். அதைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அடுத்த ஷோரூமுக்குப் போங்கள். அப்புறம் அதே மாடல், அல்லது அதே கம்பெனியின் இன்னொரு மின்சார மாடல், 3 வருடம் ஓடியது இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். சந்தையில் 40 சதவீதத்துக்குப் போகிற காருக்கு லீஸ் கம்பெனி 50 என்று எழுதியிருந்தால், யோசிக்காமல் லீஸ் எடுங்கள், நஷ்டம் அவர்களுடையது. அவர்களே 35 என்று எழுதியிருந்தால் மொத்த இறக்கத்தையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது மச்சான் பேச்சைக் கேட்கலாம்.

அரசு மானியம் ஏதாவது இருந்தால் இன்னொன்றையும் கேளுங்கள். லீஸில் காரின் உரிமையாளர் கம்பெனிதான் என்பதால் மானியம் அவர்கள் கைக்குப் போகலாம். அதை உங்கள் கணக்கில் கழித்தார்களா, இல்லை அவர்களே வைத்துக்கொண்டார்களா?

உங்கள் விஷயத்தில் எனக்கு இடிப்பது அந்த 1,600 கி.மீ. வருடத்துக்கு 19,200. லீஸ் ஒப்பந்தம் வருடத்துக்கு 15,000 கி.மீ. வரைதான் என்றால் 3 வருடத்தில் 12,600 கி.மீ. கூடுதலாக ஓடியிருப்பீர்கள், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அபராதம். கூடுதல் தூரம் வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசியில் கட்டுவதைவிட அது வழக்கமாக மலிவு. சார்ஜ் செலவு குறைவு என்று தெரிந்ததும் காரைத் தொடாதவர்கள்கூட வெளியே எடுக்க ஆரம்பிப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள். என் யோசனை: இந்தக் காரை 7, 8 வருடம் ஓட்டப்போகிறீர்கள் என்றால் வாங்கிவிடுங்கள், அத்தனை காலம் வைத்திருப்பவருக்கு மூன்றாம் வருட மறுவிற்பனை விலை எப்படிப் போனால் என்ன. மூன்று வருடத்தில் மாற்றியே தீருவேன் என்றால் லீஸ்.

கேள்வி: ஐந்து வருடத்தில் பேட்டரி செத்துவிடும், மாற்றுவதற்குப் பாதிக் கார் விலை ஆகும் என்கிறார்களே, அதற்காகவே லீஸ் எடுப்பது புத்திசாலித்தனம்தானே?

பதில்: அந்தப் பயத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 2010 டிசம்பரில் வந்த நிசான் லீஃபின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெயில் கொளுத்தும் ஊர்களில் சிலருக்கு ஒன்றிரண்டு வருடத்திலேயே ஒரே சார்ஜில் ஓடும் தூரம் கண்ணுக்குத் தெரிந்து குறைந்தது. மீட்டரில் இருந்த 12 கோடுகளில் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா, அந்தப் பேச்சு இன்றுவரை ஓடுகிறது. இப்போது பெரும்பாலான கார்களில் திரவம் ஓடி பேட்டரியின் சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. வாரண்டியும் பரவலாக 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ.; அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து கொடுப்பார்கள். 3 வருட லீஸ் முழுக்க அந்த வாரண்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதாவது வாங்கினாலும் அந்த 3 வருடம் பேட்டரிக்குக் கார் கம்பெனிதான் பொறுப்பு. இதற்காக லீஸ் எடுப்பது வீண்.

பேட்டரியைவிட வேகமாகப் பழசாவது தொழில்நுட்பம். அடுத்த மாடல் ஒரே சார்ஜில் இன்னும் நூறு கி.மீ. கூடுதலாக ஓடும், பாதி நேரத்தில் சார்ஜ் ஆகும் என்று வந்துவிட்டால் உங்கள் கார் நன்றாக இருந்தாலும் விலை இறங்கும். லீஸ் எடுக்க அது நல்ல காரணம்.

கேள்வி: லீஸ் முடிந்ததும், கார் பிடித்துப்போனால் அதையே வாங்கிக்கொள்ளலாம் இல்லையா?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும். ஜெனரல் மோட்டார்ஸ் 1996-ல் கொண்டுவந்த இவி1 என்ற மின்சாரக் காரை லீஸுக்கு மட்டுமே கொடுத்தார்கள். ஓட்டியவர்களில் பலர் எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்று கேட்டும், திரும்ப வாங்கிக்கொண்டு பெரும்பாலானவற்றை நசுக்கிவிட்டார்கள். வாங்கும் உரிமையும் விலையும் கையெழுத்துக்கு முன்பே காகிதத்தில் இருக்கட்டும். உரிமை இருந்தால் உங்களுக்குக் கொண்டாட்டம்தான்: சந்தை விலை அதைவிட அதிகமாக இருந்தால் வாங்குங்கள், குறைவென்றால் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: லீஸ் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது கடைசியில் ஏதேதோ பிடித்தம் செய்வார்களாமே?

பதில்: செய்வார்கள். மின்சாரக் காரில் முதலில் டயரைப் பாருங்கள். கார் கனம், மிதித்ததும் இழுக்கிற இழுப்பு, இரண்டும் சேர்ந்து பெட்ரோல் காரைவிடச் சீக்கிரம் தேய்க்கும். காரோடு கொடுத்த சார்ஜிங் கேபிள், இரண்டாவது சாவி, இவை காணோம் என்றாலும் பில் வரும். கார் கைக்கு வந்த அன்றே நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சக்கரத்தின் விளிம்பையும் விடாமல்.

கேள்வி: வேலை நிரந்தரமில்லை, எப்போது வேண்டுமானாலும் ஊர் மாற வேண்டியிருக்கும். லீஸ்தான் வசதி என்று தோன்றுகிறது.

பதில்: அதுதான் இல்லை. கட்டிக்கொண்டிருப்பது வாடகை மாதிரி தெரிந்தாலும், நடுவில் விட்டுவிட்டு வந்தால் மீதி மாதத் தொகையில் பெரும்பகுதியைக் கேட்பார்கள். விபத்தில் கார் மொத்தமாகப் போனாலும் இதே சிக்கல்: காப்பீடு அன்றைய சந்தை விலையைத்தான் தரும், ஒப்பந்தப்படி நீங்கள் கொடுக்க வேண்டியது அதைவிட அதிகமாக இருக்கலாம். அந்த இடைவெளிக்கென்றே தனிக் காப்பீடு உண்டு, லீஸிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்களுக்கு என் ஓட்டு, இரண்டு மூன்று வருடம் ஓடிய மின்சாரக் காருக்கு. பேட்டரி பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், மிச்ச வாரண்டி உங்கள் பேருக்கு மாறுமா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய சரிவை முதல் ஓனர் ஏற்கனவே வாங்கிக்கொண்டிருப்பார்.