கொட்டிய தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானிய இயக்குநர் கனேட்டோ ஷிண்டோவின் ‘தி நேக்கட் ஐலண்ட்’ படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். இரைச்சல் இல்லாத அந்தத் தீவு வாழ்க்கை ஏக்கத்தை உண்டாக்கியது. ஆனால் ஒரு குடும்பம் இப்படிப் பேசாமலா இருக்கும்? இது உண்மையா, இயக்குநரின் பாவனையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாவனைதான். ஒதுங்கிய இடங்களில் சேர்ந்து உழைப்பவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டும் கடிந்துகொண்டும்தான் வேலை செய்வார்கள். 1960இல் ஷிண்டோ உரையாடலை ஏறத்தாழ முற்றாக விலக்கி இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்தார். மறு ஆண்டு மாஸ்கோ விழாவில் அது பெரும்பரிசு பெற்றது. அந்த மௌனத்தை நாம் அம்மனிதர்களின் இயல்பென்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் இருக்கிறது. உங்கள் ஏக்கத்தில் ஹிகாரு ஹயாஷியின் இசைக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் அந்த இனிய மெட்டு, சுமையின் கனத்தைச் சற்றுக் குறைத்துவிடுகிறது என்பது என் மனக்குறை.

இசையை மறந்துவிட்டுத் தண்ணீரை மட்டும் பாருங்கள். ஜப்பானின் செத்தோ உள்நாட்டுக் கடலின் நடுவே இருந்தும், குடிக்கவோ பயிருக்கு ஊற்றவோ அத்தீவில் நன்னீர் கிடையாது. கணவனும் மனைவியும் பக்கத்துத் தீவுக்குப் படகு வலித்துச் சென்று, வாளிகளை நிரப்பி வந்து, காவடியாகத் தோளில் தூக்கிக்கொண்டு, செங்குத்தான பாதையில் அடிமேல் அடிவைத்து ஏறி, ஒவ்வொரு செடியின் தூரிலும் அளந்து ஊற்றுகிறார்கள். வறண்ட மண் அதை உடனே குடித்துவிடுகிறது. மறுபடியும் படகு. ஒருமுறை மனைவி கால் இடறி ஒரு வாளியைக் கொட்டிவிடுகிறாள்; கணவன் அவளை அறைந்து கீழே தள்ளுகிறான். அங்கே ஒரு வாளித் தண்ணீர் என்றால் ஒரு கடற்பயணம்.

மூத்த மகன் காய்ச்சலில் விழும்போது அதே கடலைத் தாண்டித்தான் மருத்துவரை அழைத்துவர வேண்டியிருக்கிறது; அவர் வருவதற்குள் பையன் இறந்துவிடுகிறான். ஆசிரியரும் உடன் படித்த பிள்ளைகளும் படகில் வந்து அஞ்சலி செலுத்திவிட்டுப் போகிறார்கள். பிறகொரு நாள், நீர் ஊற்றிக்கொண்டிருக்கும் தாய் திடீரென்று வாளியைக் கவிழ்த்துவிட்டு, செடிகளைப் பிடுங்கி எறிந்து, மண்ணில் விழுந்து கதறுகிறாள். முன்பு கை தவறிக் கொட்டியதற்கு அறைந்தவன், இப்போது வேண்டுமென்றே கொட்டியவளை ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறகு திரும்பி, அடுத்த செடிக்கு ஊற்றத் தொடங்குகிறான். சற்று நேரத்தில் அவளும் எழுந்து ஊற்றுகிறாள்.