அழகாபுரத்தில் 6 சென்ட்: வீட்டு மனையில் கடை கட்டலாமா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் அப்பா வாங்கிப் போட்ட 6 சென்ட் மனை இருக்கிறது. அப்ரூவ்டு லே-அவுட்தான். கீழே ஷோரூம், முதல் மாடியில் டியூஷன் சென்டர், அதற்கு மேலே நாங்கள் குடியிருக்க வீடு என்று யோசிக்கிறோம். மொத்தம் 4,500 சதுர அடி வரும். துணிக்கடைக்காரர் ஒருவர் இப்போதே அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். "சுயசான்றில் வீடு என்று பிளான் வாங்கிவிட்டு, அப்புறம் கடை போட்டுக்கொள்ளலாம்" என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். விதிப்படி கட்டுகிறேன் என்று உரிமையாளரே சான்று கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று முறை 2024 ஜூலையில் வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களுக்கு மட்டும்தான் அது. உங்கள் மனை சுமார் 2,614 சதுர அடி, அதிலேயே அடிபட்டுப் போகிறது. அளவு சரியாக இருந்தாலும் ஷோரூமுக்கு அந்த வழி கிடையாது.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது கட்டடத்தை அல்ல, நிலத்தை. திட்ட அனுமதி வேறு, கட்டுமான வரைபடத்துக்கு உள்ளாட்சி கொடுக்கும் கட்டட அனுமதி வேறு. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி கொடுப்பது திட்ட அனுமதி. இந்த இடத்தில் இந்தப் பயன்பாடு வரலாமா என்பதுதான் அதில் முதல் கேள்வி. அதற்கு ‘ஆம்’ என்று பதில் வந்தால்தான் இன்ஜினீயர் போடும் வரைபடத்துக்கு மதிப்பு. பலர் வரைபடத்துக்குப் பணம் கொடுத்துவிட்டுத்தான் இதை விசாரிக்க வருகிறார்கள்.

டவுன் சர்வே எண்ணோடு சேலம் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்துக்குப் போய், முழுமைத் திட்டத்தில் (ஊரின் எந்தப் பகுதி எதற்கு என்று வகுக்கும் மாஸ்டர் பிளான்) உங்கள் மனை எந்த உபயோகப் பகுதியில் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். வணிகம் அல்லது கலப்புக் குடியிருப்பு (வீடும் கடையும் கலந்து வரும் பகுதி) என்றால் உங்கள் திட்டத்துக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. ஆதாரக் குடியிருப்பு (முக்கியமாக வீடுகளுக்கான பகுதி) என்றால் துணி ஷோரூமுக்கு வழி கஷ்டம். நில உபயோக மாற்றம் கேட்கலாம். ஆனால் பத்திரிகை அறிவிப்பு, அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணை, பிறகு அரசின் ஒப்புதல் என்று அது நீளும். அப்ரூவ்டு லே-அவுட் என்பதும் கடைக்கான உத்தரவாதம் ஆகாது. லே-அவுட் வரைபடத்தில் உங்கள் மனை எண் குடியிருப்பு மனையாகத்தான் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைக்கென்று தனி மனை ஒதுக்குவது உண்டு. ‘ஐந்து ரோடு பக்கம் எல்லா வீடும் கடையாகிவிட்டதே’ என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கடை நடத்துவது உங்களுக்கு அனுமதி ஆகிவிடாது.

நிலம் ஒத்துவந்தது என்று வைத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமல்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு (எல்லா மாடியும் சேர்த்த பரப்பு மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு வரலாம் என்பது) 2. அதாவது கணக்கில் சுமார் 5,200 சதுர அடி வரை போகலாம். நீங்கள் சொல்லும் 4,500 அதற்குள்தான் வருகிறது. ஆனால் காகிதத்தில் வரும் அந்தப் பரப்பு தரையில் அப்படியே கிடைக்காது. நான்கு பக்கமும் விட வேண்டிய இடம், முன்னால் இருக்கும் ரோட்டின் அகலம், கார் நிறுத்தம் எல்லாம் அதைக் குறைக்கும். பெரும்பாலும் கையைக் கடிப்பது பார்க்கிங்தான். ஷோரூமுக்கும் டியூஷனுக்கும் வீட்டைவிட அதிக வண்டி இடம் கேட்பார்கள். தரைத்தளத்தை முழுக்கக் கடைக்குக் கொடுத்துவிட்டால் வண்டியை எங்கே விடுவது? தரைத்தளத்தைத் தூண்களோடு பார்க்கிங்குக்கு விட்டு, கடையை மேலே ஏற்றினால் கணக்கு ஒத்துவரலாம். அந்தப் பார்க்கிங் பரப்பு குறியீட்டில் சேராது. துணிக்கடைக்காரர் அதற்குச் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். ரோட்டின் அகலத்தைப் பத்திரத்தைப் பார்த்துச் சொல்லாதீர்கள். டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

விண்ணப்பம் ஒற்றைச் சாளர இணையதளத்தில்தான். மாநகராட்சியே முடிக்குமா, திட்டக் குழுமத்துக்குப் போகுமா என்பது கட்டடத்தின் பரப்பையும் உயரத்தையும் பொறுத்தது.

"கடைகளுக்கு இனி முடிவுச் சான்றிதழ் வேண்டாம்" என்றும் யாராவது சொல்வார்கள். அனுமதித்த வரைபடப்படி கட்டி முடித்ததற்குக் கொடுக்கும் சான்றுதான் அது. அந்தத் தளர்வு 300 சதுர மீட்டர், அதாவது சுமார் 3,230 சதுர அடி வரையிலான, 14 மீட்டர் உயரத்துக்கு மிகாத வணிகக் கட்டடங்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. வீடு என்று அனுமதி வாங்கிக் கடையாக்கினால், அது அனுமதிக்கு மாறான கட்டடம். பூட்டி சீல் வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டு மின் இணைப்பில் கடை நடத்தினால் மின்வாரியமும் தனியாக அபராதம் போடும்.

ஒருவேளை இதே யோசனையை ஏற்காட்டில் செய்யலாம் என்று தோன்றினால், அங்கே கதை இன்னும் கடினம். மலையிடப் பாதுகாப்புக் குழுமம், பேச்சு வழக்கில் ‘ஹாக்கா’, அதன் ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும். வனம், வேளாண் பொறியியல், கனிமவளத் துறைகளின் கருத்தும் கேட்கப்படும். மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனி அனுமதி வேண்டும்.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். நில உபயோகம் எழுத்தில் வரும்வரை வாங்காதீர்கள். அவர் அவசரப்பட்டால், ‘ஷோரூமுக்குத் திட்ட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணத்தை வட்டியில்லாமல் திருப்பித் தருவேன், நஷ்டஈடு கிடையாது’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். கடையை ஒப்படைக்கும் தேதியையும் நாள் குறித்துப் போடாமல், முடிவுச் சான்றிதழ் வந்து இத்தனை நாளுக்குள் என்று எழுதுங்கள்.