வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், ரிட்டயர்டு. மகன் கலிஃபோர்னியாவில். லீவுக்கு வந்த மருமகள், ஆறு வயதுப் பேரனோடு ஒயிட்ஃபீல்டில் தாய் வீட்டிலேயே தங்கிவிட்டாள். குழந்தையைத் திருப்பி அனுப்பச் சொல்லி அங்கத்திய கோர்ட் உத்தரவு இருக்கிறது. ஒரு ஏஜென்ட் ‘ஹேக் கேஸ்’ போட்டு 30 நாளில் மீட்டுத் தருவதாக 8 லட்சம் கேட்கிறார். வீட்டை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. பெற்றோரில் ஒருவர் வேறு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்காக நாடுகள் செய்துகொண்ட 1980-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவே இல்லை; இங்கே அப்படி ஒரு கேஸ் கிடையாது. சட்ட ஆணையம் 2016-இல் மசோதா எழுதிக் கொடுத்தது. 2018-இல் ஒரு கமிட்டி அறிக்கை. இரண்டும் பரணில் கிடக்கின்றன, ஏஜென்ட்டுகள் கடை விரித்துவிட்டார்கள்.

அடுத்து, ‘உத்தரவுக்கு டெல்லியில் அப்போஸ்டில் முத்திரை வாங்கணும்’ என்று இன்னொரு தொகை கேட்பார், பாருங்கள். ஒரு நாட்டுப் பத்திரம் அசல்தான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசுச் சான்று அது. நம் வெளியுறவு அமைச்சகம் இந்தியப் பத்திரங்களுக்குத்தான் அதைப் போடும். உத்தரவின் சான்று நகலை எடுத்து, கலிஃபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகத்தில் உங்கள் மகனே வாங்கலாம். கட்டணம் 20 டாலர். உங்கள் சார்பில் வாதாட வக்கீலுக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்தில், அது நிரப்பாமல் வெற்றாக இருக்கும்போது கையெழுத்துப் போட்டுத் தொலைக்காதீர்கள்.

வழி, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. ஆனால் வெளிநாட்டு உத்தரவைக் காட்டியதும் பிள்ளையைக் கொடுத்துவிட மாட்டார்கள். குழந்தையின் நலனே முதலில், உத்தரவு அதில் ஓர் அம்சம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது.

ஒரு விலக்கு உண்டு. மகனிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். மருமகள் அந்த அமெரிக்க வழக்கில் ஆஜரானாரா? வக்கீல் வைத்தாரா? சம்மதித்துக் கையெழுத்திட்டாரா? அப்படி ஒப்புக்கொண்ட பிறகு குழந்தையோடு கிளம்பி வந்த ஒரு வழக்கில், 2020-இல் உச்ச நீதிமன்றம் குழந்தையை அமெரிக்காவுக்கே அனுப்பியது. நோட்டீஸ் மட்டும் போய், அவர் வராமலேயே பிறந்த உத்தரவு என்றால் அந்த பலம் இல்லை. தேதி வாரியாக எழுதி வாங்குங்கள்.

தாமதம்தான் பணத்தைத் தின்னும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மகனுக்கு விமான டிக்கெட், சம்பளமில்லா லீவு, இரண்டு நாட்டு வக்கீல். இதற்குள் பையனுக்கு இங்கே பள்ளிக்கூடம், சிநேகிதர்கள், கன்னடம் எல்லாம் பழகிவிடும். பிறகு நீதிபதியே அவனைப் பிடுங்கி அனுப்பத் தயங்குவார்.

ஆகவே முதல் நாளே வீடியோ கால் கேட்டு இடைக்கால மனு போடுங்கள். பிள்ளையோடு தினமும் 5 முதல் 10 நிமிடம் பேசும் உரிமை பிரிந்திருக்கும் பெற்றோருக்கு வேண்டும் என்று அதே 2020 தீர்ப்பு சொல்கிறது. நேரத்தையும் மனுவிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘தூங்கிட்டான்’ என்ற பதில்தான் தினமும் வரும். இங்கே இரவு 7.30 என்றால் கோடையில் அங்கே காலை 7. மகனை அலாரம் வைக்கச் சொல்லுங்கள்.