தரங்கம்பாடியில் திரும்பிப் போன ஆமை

அன்புள்ள ஐயா,

திருமணமாகிப் பத்தாண்டு முடிந்ததற்காக, பிப்ரவரி கடைசியில் நானும் மனைவியும் நான்கு நாள் கடலோரமாகப் போய்வந்தோம். தரங்கம்பாடியில் இரண்டு இரவு, அப்புறம் வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை. கோடியக்கரையில் வெளிமான்களும் பூநாரைகளும் கண்ணுக்கு நிறைவாகக் கிடைத்தன. வரலாறுதான் ஏமாற்றம். டேனிஷ் கோட்டையில் அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. கோடியக்கரையில் சோழர் காலக் கலங்கரை விளக்கம் என்று கேட்டு விசாரித்துப் போனால் செங்கல் குவியல்தான் மிச்சம்.

தரங்கம்பாடியில் இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்குக் கரையில் நடந்தபோது ஒரு பெரிய ஆமை மேலேறி வந்தது. போன் டார்ச்சை அடித்துப் படம் எடுத்தோம். பாதி வழியிலேயே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. நம்மால்தான் போய்விட்டது என்று மனைவி அன்றிரவெல்லாம் அழுதுகொண்டிருந்தார். மீனவர்களின் வலையில் ஆயிரக்கணக்கில் ஆமைகள் சாகும்போது நம் ஒரு படம் என்ன செய்துவிடும் என்று சமாதானம் சொன்னேன்.

என் கேள்வி: நம் கடலோர வரலாற்றை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

கே., கோவை

அன்புள்ள கே.,

நீங்கள் கேட்டது வரலாறு. எனக்கு உங்கள் கடிதத்தில் அந்த ஆமையைத் தாண்டிப் போக முடியவில்லை. போன வாரம்தான் எங்கள் ஊர்க் கரையில் புதிதாக நட்ட ஹைமாஸ் விளக்கின் அடியில் நின்று, இந்த வெளிச்சத்தில் இனி எந்த ஆமை கரையேறும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

முதலில் கோட்டையை முடித்துவிடுகிறேன். அரை மணி நேரத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டீர்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அந்த இடத்தை டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்து, டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றைக்கும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1706இல் அந்தக் கரையில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். ஒன்பதே ஆண்டில், 1715இல், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்துக் கொடுத்தார். கோட்டைக்கு வடக்கே கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில் 1306இல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. ஒன்றரைக் கிலோமீட்டர் நடைக்குள் இத்தனையும் இருக்கிறது. உங்களுக்கு ஒன்றும் தென்படவில்லை என்றால் குறை கோட்டையில் இல்லை. கோடியக்கரைக் கலங்கரை விளக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, 2004 சுனாமியில் அது போய்விட்டது. ‘பொன்னியின் செல்வன்’ நாவலைப் படித்துவிட்டு அந்த இடத்தைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் வருத்தத்தோடு திரும்புகிறார்கள். விடுங்கள்.

ஆமைக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது பங்குனி ஆமையாகத்தான், ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்கிறார்களே, அதுவாகத்தான் இருக்கவேண்டும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கிழக்குக் கரையில் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் அதுதான். அந்தப் பெயரைக் கவனியுங்கள். எந்த மாதத்தில் வரும் என்பதையே மீனவர்கள் அதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள். கடலோர வரலாற்றை எங்கே படிப்பது என்று கேட்டீர்களே, வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்திருக்கும் மனிதர்களிடம் எத்தனை பேரோடு அந்த நான்கு நாளில் உட்கார்ந்து பேசினீர்கள்? உங்கள் கடிதத்தில் மீனவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார்கள், அதுவும் குற்றவாளிகளாக.

1994 பங்குனியில் நானும் மனைவியும் பொறையாறில் அவளுடைய சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். கல்யாணமாகி அப்போது எட்டு மாதம். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர், கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவர், "ஆமை பாக்கணுமா, சத்தம் போடாம வரணும்" என்று எங்களைச் சின்னங்குடிப் பக்கம் கூட்டிப்போனார். நிலா இல்லை. கையில் ஒரு லாந்தர்கூட அவர் எடுத்துவரவில்லை. அலை ஏறும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட ஒரு கட்டுமரத்துக்குப் பின்னால் எங்களை உட்காரவைத்தார். பீடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார், பற்றவைக்கவில்லை. மூன்று மணி நேரம் அந்தப் பீடி அப்படியே அவர் உதட்டில் இருந்தது.

கண் இருட்டுக்குப் பழகியபின் அலைநுரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. அதில் ஒரு பாறை மாதிரி ஏதோ கிடந்தது. சற்று நேரம் கழித்துப் பார்த்தால் பாறை முன்னால் வந்திருந்தது. அது கொஞ்சம் நகரும், நிற்கும். நிற்கும்போது பெருமூச்சு விடுகிற சத்தம் தெளிவாகக் கேட்கும், ஒரு கிழவி படியேறிவிட்டு விடுவது மாதிரி. மனைவி என் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். பெரியவர் திரும்பிப் பார்த்து, வேண்டாம், அசையாதே என்று கண்ணாலேயே சொன்னார். இந்த நேரத்தில்தான் அது பயப்படும் என்று பிறகு விளக்கினார். குழி தோண்டி முட்டை விழத் தொடங்கும்வரை, ஒரு நிழல் ஆடினால் போதும், ஒரு நெருப்புப் பொறி தெரிந்தால் போதும், திரும்பிவிடும்.

நீங்கள் டார்ச் அடித்தது சரியாக அந்த நேரத்தில்தான், கே.

அன்று அது திரும்பவில்லை. முன்துடுப்புகளால் மணலை வாரி வீசிவிட்டு, பின்துடுப்புகளால் மாற்றி மாற்றிக் குழி தோண்டியது. கண் தெரியாத இடத்தில், தன் வாலுக்குக் கீழே, முழங்கை ஆழத்துக்கு, ஒரு குடம் மாதிரி, வாய் குறுகலாகவும் உள்ளே அகலமாகவும் தோண்டுகிறது அந்த உயிர். நூறு முட்டைக்கு மேல் இட்டிருக்கும். முட்டை விழத் தொடங்கியபின்தான் பெரியவர் எங்களைப் பின்பக்கமாகக் கொஞ்சம் கிட்டே போகவிட்டார். அப்புறம் அது மணலை மூடிவிட்டுத் தன் உடம்பை இடமும் வலமுமாகத் தூக்கித் தூக்கிப் போட்டுக் குழியை இறுக்கியது. திம், திம் என்று ஒரு சத்தம். மனைவி உள்ளங்கையை மணலில் வைத்தாள், என் கையையும் இழுத்து வைத்தாள். அந்த அதிர்வு விரல்வழியாக ஏறியது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எங்களிடம் ஒரு படம்கூட இல்லை. இன்றைக்கும் அவள் எப்போதாவது பேச்சுவாக்கில் மேஜைமேல் உள்ளங்கையைத் தட்டுவாள், எதைச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆமை கடலுக்குள் போனபின் பெரியவர் எழுந்துபோய் அது வந்த தடத்தையும் போன தடத்தையும் காலால் தேய்த்து அழித்தார். நாய்க்கும் தெரியக்கூடாது, ஆளுக்கும் தெரியக்கூடாது என்றார். சின்ன வயதில் அவரே அந்த முட்டைகளைத் தோண்டித் தின்றவர். அதையும் மறைக்காமல் சொன்னார். அதன்பிறகுதான் பீடியைப் பற்றவைத்தார்.

இப்போது உங்கள் சமாதானத்துக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை. வலையில் ஆமைகள் சாவது உண்மை. 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை நானும் பார்த்தேன். ஆமைக்கு நுரையீரல், அவ்வப்போது மேலே வந்து மூச்சு விட்டாகவேண்டும். இழுவை மடிக்குள் சிக்கி மணிக்கணக்கில் அடியிலேயே கிடந்தால் மூச்சு முட்டிச் சாகும். மீன்பிடித் தடைக்காலமும் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது, அதற்குள் ஆமைகளின் காலம் அநேகமாக முடிந்துவிடும். இதையெல்லாம் பேசவேண்டும், பேசுகிறோம், அந்தச் சண்டை தனி. ஆனால் விசைப்படகுக்காரனுக்குக் கடன் இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது, அவன் போவது மீனுக்காக. உங்களுக்கு அந்த இரவில் என்ன கட்டாயம் இருந்தது? அவன் கணக்கை எடுத்து உங்கள் கணக்கை மூடுவது நியாயமே இல்லை. அழுகிற மனைவியிடம் "ஆமாம், நம்மால்தான்" என்று சொல்லியிருந்தால் அவருக்கு அழுகை இன்னும் சீக்கிரம் நின்றிருக்கும். அவர் சரியாகப் புரிந்துகொண்டார். நீங்கள் அவரைத் தப்பாகப் புரிந்துகொள்ளச் சொல்லித்தந்தீர்கள்.

வெளிச்சம் என்ன செய்யும் என்று இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் தாய் ஆமை திரும்பிப் போவதோடு அது முடிவதில்லை. நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளியே வரும், பெரும்பாலும் இரவில். உள்ளங்கையில் பாதி இருக்கும் ஒவ்வொன்றும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும், அதற்கு முதல் வழிகாட்டி அதுதான். காலம்காலமாக இரவில் கடல்தான் கரையைவிட வெளிச்சமாக இருந்தது, நட்சத்திர ஒளியை வாங்கித் தரும் தண்ணீர். இன்று ரிசார்ட் விளக்கு, தெருவிளக்கு, ஹைமாஸ் எல்லாம் கரையில். குஞ்சுகள் ரோட்டுப் பக்கம் ஓடி, காலையில் நாயும் காக்கையும் வெயிலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. சென்னையில் மாணவர்கள் 1988இலிருந்து ராத்திரி ராத்திரியாகக் கரையில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள் என்றால் இதுவும் ஒரு காரணம். கோடியக்கரையில் இடிந்துபோன அந்த விளக்கு கடலில் இருப்பவர்களுக்காக ஏற்றியது. நாம் இப்போது ஏற்றுவதெல்லாம் கரையில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்காக. ஆமை வரும் மூன்று நான்கு மாதம் மட்டுமாவது கரையோர விளக்குகளை அணைக்கவோ, தாழ்வாக மறைத்து வைக்கவோ ஊராட்சிகளால் முடியும். நான் எங்கள் ஊரில் மனு கொடுத்திருக்கிறேன், மறுபடியும் கொடுப்பேன்.

வேதாரண்யம் உப்பளத்தில் படம் எடுத்துக்கொண்டதாக ஒரு படம் இணைத்திருக்கிறீர்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த ஊர் அது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், நூல்கள் பற்றியும் அப்போது.

அடுத்த பயணத்துக்கு ஒன்று சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு ஏலம் நடக்கும் கரைக்குப் போய்விடுங்கள். மீன் வாங்குங்கள், பேச்சு தானாக வரும். கூழையாரில், கோடியக்கரையில் வனத்துறையின் முட்டைப் பொரிப்பகங்கள் இருக்கின்றன. குஞ்சுகளை விடும் நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் இருவரும் கூட நின்று பார்க்கலாம். போனை அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் மனைவியிடம் இதைப் படித்துக்காட்டுங்கள். அப்படித் திரும்பிப் போகிற ஆமை முட்டையைச் சுமந்துகொண்டேதான் போகிறது. அதே இரவிலோ அடுத்த ஓரிரு இரவுகளிலோ இருட்டான இடம் பார்த்து மறுபடியும் ஏறும். நீங்கள் ஊர் திரும்பிய நாளில் அது சின்னங்குடிப் பக்கம் எங்கேயாவது ஏறியிருந்தால், இப்போது அந்த நூறு முட்டையும் மணலுக்குள் சூட்டில் கிடக்கும். சித்திரை பிறக்கும்போது பொரியும்.

அன்புடன்.